வாந்தி மாத்திரை: பார்ட் டி கைவிரித்தால் பார்ட் பி

கேள்வி: நியூஜெர்சியில் வசிக்கிறோம். 70 வயது அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். கீமோவாக டாக்சோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் ஏற்றுகிறார்கள். ஒரிஜினல் மெடிகேரும் (முதியோருக்கு அமெரிக்க அரசு நேரடியாக நடத்தும் காப்பீடு, டாக்டர், கீமோ செலவுக்கு அதன் பார்ட் பி) தனியாக ஒரு பார்ட் டி திட்டமும் (கடையில் வாங்கும் மருந்துக்கான காப்பீடு) இருக்கின்றன. வாந்தியைத் தடுக்க எழுதிக்கொடுத்த அப்ரெபிடன்ட், ஆன்டன்செட்ரான், டெக்சாமெத்தசோன் மூன்றுக்கும் பார்ட் டி மறுத்துவிட்டது. கடையில் முழுப் பணம் கட்டி வாங்கினோம். திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்க வழியிருக்கிறது. ஆனால் பார்ட் டி-யோடு மல்லுக்கட்டாதீர்கள், அவர்கள் மறுத்தது அநேகமாகச் சரிதான். வாந்தித் தடுப்பு ஊசிக்கு முழு மாற்றாக, கீமோவை ஒட்டி 2 மணி நேரத்துக்குள் தொடங்கும் வாந்தி மாத்திரை 48 மணி நேரம் வரை பார்ட் பி கணக்கு. அதற்குப் பிறகு விழுங்கும் அதே ஆன்டன்செட்ரான் பார்ட் டி கணக்கு. ஒரே டப்பா, இரண்டு கஜானா!

முதலில் மருந்துச் சீட்டைப் பாருங்கள். 'வாந்திக்கு' என்று மட்டும் இருந்தால் போதாது. கீமோவுக்காக, ஊசி மருந்துக்கு முழு மாற்றாகத் தரப்படுகிறது என்று டாக்டர் எழுதியிருக்க வேண்டும். அப்ரெபிடன்டுக்குப் பார்ட் பி பணம் தர, மேலே சொன்ன மூன்று மருந்துகளும் மாத்திரையாகச் சேர்ந்தே இருக்க வேண்டும். கீமோ அன்றைக்கு மையத்தில் பாலனோசெட்ரானை (ஆன்டன்செட்ரான் வகை வாந்தித் தடுப்பு மருந்து) ஊசியாகப் போட்டிருந்தால் 'முழு மாற்று' என்ற வாதம் விழுந்துவிடும். அப்போது அப்ரெபிடன்டுக்குப் பார்ட் டி-யைத்தான் மறுபடி கேட்க வேண்டும். ஆகவே அன்றைய ஊசிப் பதிவேட்டின் நகலை முதலில் வாங்கிவிடுங்கள்.

அடுத்து பில். அப்ரெபிடன்டின் பில் குறியீடு ஜே8501, ஒரு யூனிட் 5 மி.கி. 125, 80, 80 என்ற மூன்று நாள் பேக் 25+16+16, ஆக 57 யூனிட். மூன்று கேப்சூல்தானே என்று கடைக்காரர் 3 போட்டால் 15 மி.கி.க்குத்தான் பணம் வரும். ஆன்டன்செட்ரான் கியூ0162, யூனிட்டுக்கு 1 மி.கி. டெக்சாமெத்தசோன் ஜே8540, யூனிட்டுக்கு 0.25 மி.கி., அதாவது 12 மி.கி.க்கு 48 யூனிட்.

திருத்திய சீட்டோடு கடைக்குப் போய், பார்ட் பி-க்கு பில் போடச் சொல்லுங்கள். மருந்து வாங்கிய நாளிலிருந்து ஓராண்டு அவகாசம் உண்டு. மெடிகேரில் பதிவான கடை, பார்ட் பி மருந்துக்கு மெடிகேர் வைத்த விலையையே ஏற்க வேண்டும். டிடக்டிபிளும் (காப்பீடு தரத் தொடங்கும் முன் ஆண்டுதோறும் நீங்கள் கட்டும் தொகை) 20 சதவீதமும்தான் உங்கள் பங்கு, மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும். பதிவான கடையே பில் போட மறுத்தால் சிஎம்எஸ்-1490எஸ் படிவத்தில் நீங்களே கேட்கலாம்.

பார்ட் பி-யும் மறுத்தால், அறிவிப்பு கைக்கு வந்து 120 நாளுக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். சீட்டு, கீமோ பதிவு இரண்டையும் அத்துடன் இணைக்க மறக்க வேண்டாம்.