சளிக்காய்ச்சலுக்குப் புரதத்தை அடக்கும் மாத்திரையா?

கே: சளிக்காய்ச்சல் (ஃப்ளூ) கிருமி தானாகப் பெருகாது, நம் உயிரணுவில் உள்ள புரதங்களின் உதவியால்தான் பெருகுகிறது என்று விஞ்ஞானிகளே கண்டுபிடித்துவிட்டார்களாம். அந்தப் புரதங்களை ‘அடக்கி வைக்கும்’ மூலிகை மாத்திரை பற்றி என் நாத்தனார் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். புட்டி 68 வெள்ளி. 71 வயது மாமியாருக்குத் தடுப்பூசிக்குப் பதில் இதைக் கொடுக்கலாமா?
— வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

ப: வேண்டாம். முதல் வரி உண்மை, அடுத்தது வியாபாரம்.

அந்தக் கிருமி கொண்டுவருவது மரபுச் செய்தி எழுதிய எட்டு ஆர்என்ஏ துண்டுகளும் சொற்பப் புரதங்களும்தான். மீதி வேலைக்கெல்லாம் நம் ஆட்கள் வேண்டும். அதன் மேற்புரதத்தை வெட்டிச் செயல்பட வைப்பது டிஎம்பிஆர்எஸ்எஸ்2 போன்ற நம் நொதிகள். அதன் ஆர்என்ஏவை உட்கருவுக்குள் தூக்கிப் போவது இம்போர்ட்டின் என்ற நம் புரதம். அங்கே நடப்பதோ அப்பட்டமான திருட்டு. ஆர்என்ஏவின் முனையில் ஒரு ‘தொப்பி’ இருந்தால்தான் உயிரணு அதைப் படித்துப் புரதம் செய்யும். தொப்பி செய்ய இந்தக் கிருமிக்குத் தெரியாது. அதனால் நம் ஆர்என்ஏவின் முனையைப் பத்துப் பதின்மூன்று எழுத்தோடு நறுக்கித் தன்னுடையதில் சேர்த்துக்கொள்கிறது. அடுத்தவர் கடிதத்தின் தபால்தலையைக் கிழித்துத் தன் கடிதத்தில் ஒட்டுகிற மாதிரி.

சரி, இந்தப் புரதங்களை அடக்கினால் என்ன? அவை கிருமிக்காகப் பிறந்தவை அல்லவே. இம்போர்ட்டின் நம் சொந்தப் புரதங்களையும்தான் உட்கருவுக்குள் சுமக்கிறது. அதை உடம்பு முழுக்க நிறுத்தினால் காய்ச்சல் வராதுதான்; காய்ச்சல் வர ஆளும் இருக்க மாட்டார்.

இல்லாமல் சமாளிக்கக்கூடிய புரதங்களும் உண்டு. ஆராய்ச்சியாளர்கள் அவற்றைத்தான் தேடுகிறார்கள். இங்கேதான் உங்கள் நாத்தனாருக்கு வந்த செய்தி சொல்லாமல் விட்ட கதை இருக்கிறது. ஏஎன்பி32ஏ என்ற புரதம் இல்லாமல் கிருமியின் நகலெடுக்கும் நொதி சரியாக ஓடாது. பறவைகளிடம் இந்தப் புரதம் 33 அமினோ அமிலம் (புரதத்தின் கட்டுமானத் துண்டுகள்) கூடுதலாக இருக்கிறது, நம்மிடம் அந்தத் துண்டு இல்லை. பறவைக் காய்ச்சல் கிருமிகள் மனித உயிரணுவில் திணறுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம் என்று 2016இல் லண்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2023இல் பிரிட்டனில் கோழிகளின் ஏஎன்பி32ஏ மரபணுவில் சிறு திருத்தம் செய்து பார்த்தார்கள். வழக்கமான அளவு கிருமி பட்டபோது பத்தில் ஒன்பது கோழிகள் தப்பின. அளவை ஆயிரம் மடங்கு கூட்டியதும் பாதிக்குத் தொற்று வந்தது. கிருமி தன்னை மாற்றிக்கொண்டு, திருத்திய புரதத்தை மட்டுமல்ல, அதன் உறவுக்காரப் புரதங்கள் இரண்டையும் பயன்படுத்தத் தொடங்கியிருந்தது. மரபணுவையே திருத்திய கோழிக்கே இந்தக் கதி என்றால் மூலிகை மாத்திரை எந்த மூலைக்கு? விற்பவரிடம் எந்தப் புரதத்தை அடக்குகிறது, பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டுப் பாருங்களேன்.

இப்போது மருத்துவர்கள் எழுதித்தரும் மருந்துகள் கிருமியின் சொந்த உறுப்புகளைத்தான் குறிவைக்கின்றன. டாமிஃப்ளூ, கிருமி உயிரணுவிலிருந்து விடுபட்டுப் பரவ உதவும் நொதியைத் தடுக்கிறது. 2018இல் ஜப்பானில் அனுமதி பெற்ற பாலோக்சவிர், நான் மேலே சொன்ன தொப்பித் திருட்டுக்கான கத்தரியை மடக்குகிறது. தடுப்பூசி இன்னும் முன்னாலேயே வேலை செய்கிறது. அது உருவாக்கும் எதிர்ப்பொருள்கள் கிருமியை வெளியிலேயே பிடித்துவிட்டால், நம் புரதங்களின் பக்கம் அது வரவே முடியாது. எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று சொல்லவில்லை. ஊசி போட்டவருக்கும் காய்ச்சல் வருவதுண்டு, ஆனால் நிலைமை முற்றும் வாய்ப்பு குறைவு.

65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள வேண்டும் என்றுதான் சிங்கப்பூரின் தடுப்பூசி அட்டவணையும் சொல்கிறது. இங்கே சளிக்காய்ச்சல் ஆண்டு முழுவதும் உண்டு, நடுவிலும் கடைசியிலும் கூடும். ஊசி பலன் தர ஏறக்குறைய இரண்டு வாரமாகும், ஆகவே மாமியாரைச் சீக்கிரமே பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போங்கள். அப்புறமும் காய்ச்சல் வந்தால் முதல் இரண்டு நாளுக்குள் மருத்துவரிடம் காட்டுங்கள்; தாமதித்தால் அந்த மருந்துகளின் பலன் குறைந்துவிடும்.