அமெரிக்காவில் ஷிஃப்ட் நேரத்தைத் தவறாகப் பார்த்ததால் வேலை போனால், வேலையிழப்பு உதவித்தொகை கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்கும். வேலை போனவர் அடுத்த வேலை தேடும்வரை, குறிப்பிட்ட காலத்துக்கு மாநில அரசு வாரக் கணக்கில் தரும் பணம்தான் இந்த உதவித்தொகை. தன் குற்றமில்லாமல் வேலை இழந்தவரைத் தாங்குவதே இதன் நோக்கம்.

அப்படியானால் ஷிஃப்டைத் தவறவிட்டது குற்றமில்லையா? விஸ்கான்சின் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 1941-ல் ஒரு டாக்சி ஓட்டுநர் வழக்கில் கோடு கிழித்தது: வேண்டுமென்றே முதலாளியின் நலனை மதிக்காமல் நடப்பதுதான் குற்றம், எப்போதோ நேரும் கவனக்குறைவு அல்ல. பல மாநிலங்கள் இதையே பின்பற்றின. கை தவறி டம்ளர் உடைவதும் சுவரில் வீசி உடைப்பதும் ஒன்றா? ஆனால் எச்சரித்த பிறகும் திரும்பத் திரும்ப நடந்தால் கை தவறியது என்று சொல்வது கடினம்.

அதனால் வேலை போனதுமே விண்ணப்பியுங்கள். செவ்வாய் என்றிருந்த ஷிஃப்ட் திங்களுக்கு மாறிய குறுஞ்செய்தி இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். காரணம் கேட்டால் நடந்ததை அப்படியே சொல்லுங்கள்.

"டிஸ்மிஸ் செய்துவிட்டார்கள், இனி ஒன்றும் கிடைக்காது" என்று பலர் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள்; ஆனால் அதை முடிவு செய்வது முதலாளி அல்ல, மாநில அலுவலகம், அது மறுத்தாலும் மேல்முறையீடு உண்டு.