ஆகஸ்டில் இலங்கை: எந்தக் கரைக்குப் போவது?

கேள்வி: மாங்காய் அறுவடை முடிந்து ஆகஸ்டில்தான் எங்களுக்கு ஓய்வு. நான், மனைவி, மூட்டுவலி உள்ள என் அம்மா, மூவரும் ஒரு வாரம் இலங்கை போக எண்ணியிருக்கிறோம். டூர் ஏஜென்ட் கொழும்பு, பெந்தோட்டை, காலி, கண்டி, நுவரெலியா, சிகிரியா எல்லாவற்றையும் ஐந்தே நாளில் காட்டுவதாகச் சொல்கிறார். சம்மதிக்கலாமா?
– வாசகர், போச்சம்பள்ளி

பதில்: வேண்டாம். ஐந்து நாளில் ஆறு ஊர் என்றால் அம்மா பார்க்கப்போவது வேன் ஜன்னலைத்தான். அதைவிடப் பெரிய கோளாறு, அவர் காட்டும் கரை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று பெந்தோட்டை, காலிப் பக்கம் கடலைப் புரட்டிப்போடும். நானே ஒரு ஜூலையில் அங்கே போய், சிவப்புக் கொடி பறந்த கடலை மூன்று நாள் அறையிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பினேன். அதே மாதத்தில் திருகோணமலைக் கடல் குளம்போலக் கிடக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆகவே வடக்கும் கிழக்கும் போங்கள். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் இருக்கிறது. அங்கே இறங்கி, திரும்பும்போது கொழும்பிலிருந்து பெங்களூருக்கு ஏறினால், போன வழியே திரும்பி வரும் ஒரு நாள் மிச்சம். நல்லூர் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழா பெரும்பாலும் ஆகஸ்டில்தான் வரும். தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

அடுத்து, திருகோணமலையில் மூன்று இரவு. கடலுக்கு மேல் செங்குத்தான பாறை உச்சியில் கோணேஸ்வரம். சம்பந்தர் பதிகம் பெற்ற தலம். பழைய கோயிலைப் போர்த்துகீசியர் இடித்துவிட்டார்கள், இப்போதிருப்பது பின்னாளில் கட்டியது. ஆனால் அந்தப் பாறையும் கீழே மோதும் கடலும் சம்பந்தர் பாடியவைதான். கன்னியாவில் ஏழு சிறு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சூடு வேறுவேறு. இராவணன் தாய்க்குக் கருமம் செய்ய உண்டாக்கியவை என்பார்கள். வாளியால் மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். அம்மாவுக்கு இந்தப் பயணத்திலேயே பிடித்த இடம் அதுவாக இருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை.

நீங்களும் மனைவியும் நிலாவெளியிலிருந்து படகில் புறாத்தீவுக்குப் போய், கண்ணாடி மாட்டிக்கொண்டு பவளப்பாறைகளைப் பாருங்கள். ஒகேனக்கலில் பரிசல் ஏறியவர்களுக்குப் படகு பயம் இருக்காது; ஆனாலும் மிதவைச் சட்டை இல்லாமல் இறங்காதீர்கள். பவளத்தின் மேல் கால் வைக்காதீர்கள். அது உயிருள்ளது, வளர ஆண்டுக்கணக்காகும்.

அங்கிருந்து தெற்கே வரும் வழியில் மின்னேரியா. யானை பார்க்க இலங்கைக்கா என்று தேன்கனிக்கோட்டைக்காரர் சிரிப்பார். நம் பக்கம் ராத்திரி கேழ்வரகுக் கொல்லையில் இறங்கும் யானை வேறு, இது வேறு. மகாசேனன் என்ற மன்னன் சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் வெட்டிய ஏரி கோடையில் வற்றி, தரையில் புல் முளைக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் யானைகள் குட்டிகளோடு நூற்றுக்கணக்கில் அங்கே கூடும். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் ஜீப் எடுங்கள். சில நாள் அவை பக்கத்துக் கவுடுல்ல பூங்காவுக்குப் போய்விடும். ஓட்டுநரிடம் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

சிகிரியா பாறைக்கோட்டை பக்கத்தில்தான். ஏறத்தாழ 1,200 படி. அம்மா அடிவாரத்து நீர்த்தோட்டத்தில் நிழலில் உட்காரட்டும், நீங்கள் இருவரும் காலை ஏழு மணிக்கே ஏறிவிடுங்கள். நுவரெலியாவையும் மலை ரயிலையும் அடுத்த முறைக்கு வையுங்கள். பழைய சேலம் ஜில்லாவிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழிவந்தவர்கள் அந்த மலைகளில் இருக்கிறார்கள். அரை நாளில் எட்டிப்பார்த்துவிட்டு வரும் இடமல்ல அது.

மாம்பழக்காரர் என்பதால் ஒன்று சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கிடைத்தால் விடாதீர்கள். நம் பெங்களூராவை விட்டுக்கொடுக்க மனமில்லாத நானே அதற்குத் தலைவணங்கினேன். ஒட்டுக் கன்று மட்டும் வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். உரிய அனுமதி இல்லாமல் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே பறிமுதல்தான்.