கேட் சட்டத்துக்கு டோவல் போதுமா?

கேள்வி: 12 அடி வாசலுக்கு இரட்டைக் கதவாகத் தேக்கு கேட் செய்கிறோம். சட்டத்தில் துளை போட்டு, அடுத்த சட்டத்தின் முனையை நாக்கு போலச் செதுக்கி அதில் செருக வேண்டும் என்கிறார் ஆசாரி. டோவல் குச்சியும் (இரு மரத்திலும் ஓட்டை போட்டுச் செருகும் உருளைக் குச்சி) ஸ்குரூவும் போதும் என்கிறான் மகன். எது சரி?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: ஆசாரி பக்கம்தான் நான். தர்மபுரியில் என் பட்டறைக்குப் பழுதுபார்க்க வரும் கேட்டுகளில் பெரும்பாலும் கீழ்மூலைதான் பிளந்திருக்கும். 6 அடி அகலக் கதவின் பாரம் முழுக்கக் கீல் பக்கச் சட்டத்தில் தொங்குகிறது. டோவல் அலமாரிக்கு அழகு. வெயிலிலும் மழையிலும் நிற்கும் கேட்டுக்கு வேண்டாம்.

நாக்கின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கட்டும். துளை மறுபக்கம் வரை போகட்டும், அங்கே ஆப்பு அடிக்கலாம். அப்புறம் சட்டத்தையும் நாக்கையும் சேர்த்து ஊடுருவும் மர ஆணி. நாக்கில் போடும் ஓட்டையை, சட்டத்தில் போட்ட ஓட்டையைவிட 1.5 மி.மீ. தோள் (நாக்கு தொடங்கும் இடம்) பக்கம் தள்ளிப் போடச் சொல்லுங்கள். ஆணி இறங்க இறங்க இணைப்பு தானாக இறுகும். அகலமான கீழ்ச் சட்டத்துக்கு ஒரே பெரிய நாக்கு வேண்டாம், இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வெளியே தெரியும் நாக்கு முனைதான் தண்ணீர் குடிக்கும். அங்கே பெயின்ட் இரண்டு தடவை கூடுதலாக.

நடுப்பலகைகளுக்கு மட்டும் பசை கூடாது. சித்திரையில் சுருங்கி ஐப்பசியில் ஊதும், இடைவெளி விடுங்கள். சாய்வுச் சட்டம் கீல் பக்கக் கீழ்மூலையில் தொடங்கி எதிர்ப்பக்க மேல்மூலைக்கு ஏறட்டும். இதைத் தலைகீழாக வைக்கிறவர்கள் ஏராளம்!

மகனின் ஸ்குரூ வீணாகாது, கீலுக்கு வேண்டுமே. துருப்பிடிக்காததாக வாங்கச் சொல்லுங்கள்.