டெத் கிரிப்ஸ்: கூச்சலா, பாட்டா? – கடிதம்

அன்புள்ள சார்,

அமெரிக்க ராப் இசை பற்றி நீங்கள் எழுதிய குறிப்பில், டெத் கிரிப்ஸ் குழுவின் 'தி மணி ஸ்டோர்' கடந்த 15 ஆண்டுகளில் வந்த முக்கியமான ராப் ஆல்பங்களில் ஒன்று என்று சொல்லியிருந்தீர்கள். உங்களை நம்பி முழுசாக உட்கார்ந்து கேட்டேன். உண்மையைச் சொன்னால் தலைவலிதான் வந்தது. ஒருவர் தொண்டை கிழியக் கத்துகிறார், பின்னால் கரகரவென்று ஏதோ சத்தம். கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு இந்தக் குழு மிகவும் பிடிக்கும். "அப்பா, இன்னொரு தடவை கேளுங்க" என்கிறாள். பாட்டில் வரும் வன்முறையைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

இன்னொரு சந்தேகம். இவர்கள் அமைப்பை எதிர்ப்பவர்கள் என்கிறார்கள். ஆனால் இந்த ஆல்பத்தை வெளியிட்டது சோனிக்குச் சொந்தமான எபிக் ரெக்கார்ட்ஸ். பெரிய கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு அமைப்பைத் திட்டுவது என்ன எதிர்ப்பு? சில மாதங்களில் சண்டை போட்டு வெளியே வந்ததும் விளம்பரத்துக்காகத்தான் என்று தோன்றுகிறது. நான் எதையாவது தவறவிடுகிறேனா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் அந்தக் கத்தல். ஆல்பத்தின் முதல் பாட்டான 'கெட் காட்'டை மட்டும் திரும்பப் போட்டுப் பாருங்கள். அதில் குழுவின் பாடகர் எம்சி ரைட் கத்துவதே இல்லை. தணிந்த குரலில், ஏறக்குறைய ஒரே சுருதியில், மூச்சு விடாமல் வார்த்தைகளைக் கொட்டிக்கொண்டே போகிறார். பின்னால் இசை துண்டு துண்டாக வெட்டுப்பட்டுத் துள்ளுகிறது. இரண்டாவது பாட்டான 'தி ஃபீவர்' தொடங்கிய பிறகுதான் முழுத் தொண்டையையும் திறக்கிறார். எங்கே அடக்குவது, எங்கே அவிழ்த்துவிடுவது என்று யோசித்துத்தான் இந்த வரிசையை வைத்திருக்கிறார்கள். வெறும் கூச்சலில் இந்தக் கணக்கு இருக்காது.

அந்த முதல் பாட்டிலேயே இன்னும் கொஞ்சம் நிற்கலாம். அதற்குள் மாலி நாட்டு ராப் பாட்டு ஒன்றின் துண்டு இருக்கிறது. பப்பீட்டோவும் இபா ஒன்னும் சேர்ந்து பாடிய 'யெரெயிரா'. அது கலிஃபோர்னியாவில் இருக்கும் ஒரு குழுவின் கைக்கு வந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. கிறிஸ்டஃபர் கர்க்லி என்ற அமெரிக்கர் மாலியின் வடக்கே, பாலைவன ஊரான கிடாலில் தங்கி, அங்குள்ளவர்கள் செல்போன் மெமரி கார்டில் வைத்திருந்த பாடல்களைச் சேகரித்தார். இணையம் சரியாக எட்டாத ஊர். புளூடூத் வழியாகவே பாட்டுகள் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குத் தாவிக்கொண்டிருந்தன. நம் ஊர் செல்போன் கடைகளில் பத்து ரூபாய் இருபது ரூபாய்க்கு மெமரி கார்டு நிறையப் பாட்டு ஏற்றிக் கொடுத்தார்களே, ஏறக்குறைய அந்த உலகம். கர்க்லி அவற்றில் சிலவற்றை 'மியூசிக் ஃப்ரம் சஹாரன் செல்ஃபோன்ஸ்' என்று தொகுத்து வெளியிட்டார். டெத் கிரிப்ஸ் எடுத்தது அதிலிருந்துதான். 'பங்க் வெயிட்' பாட்டிலும் அதே தொகுப்பின் துண்டு ஒன்று உண்டு. 'சிஸ்டம் புளோயர்' பாட்டில் டென்னிஸ் வீராங்கனை ஒருவர் பந்தை அடிக்கும்போது எழுப்பும் அலறலும், கனடாவின் வான்கூவர் நகரத்து ஸ்கைட்ரெய்ன் ரயிலின் ஓசையும் கலந்திருக்கின்றன. நீங்கள் கரகரச் சத்தம் என்று சொன்னதற்குள் இவ்வளவு இடங்களும் மனிதர்களும் இருக்கிறார்கள்.

குழுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவின் தலைநகரான சாக்ரமெண்டோவில் 2010 கடைசியில் தொடங்கியது. மூன்று பேர். எம்சி ரைட் என்கிற ஸ்டீஃபன் பர்னெட் ஓவியரும்கூட. ஸாக் ஹில் அதற்கு முன்பே 'ஹெல்லா' என்ற ராக் இரட்டையரில் டிரம்ஸ் வாசித்துப் பெயர் வாங்கியவர். கை அசுர வேகம். ஆண்டி மோரின் கீபோர்டும் ஒலிப்பதிவும் பார்த்துக்கொண்டவர். 2011இல் 'எக்ஸ்மிலிட்டரி' என்ற மிக்ஸ்டேப்பை, அதாவது பாட்டுத் தொகுப்பை, இலவசமாக விட்டார்கள். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் எபிக் ஒப்பந்தம். ஏப்ரல் 2012இல் 'தி மணி ஸ்டோர்'.

இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், பெரிய கம்பெனிக்குப் போனதில் இவர்களுக்கு என்ன ஆனது என்பதற்குக் காதிலேயே பதில் கிடைக்கும். பொதுவாக இப்படிப்பட்ட குழு பெரிய லேபிளுக்கு, அதாவது இசை வெளியீட்டு நிறுவனத்துக்கு, போனால் என்ன நடக்கும்? ஹிட் கொடுத்த தயாரிப்பாளர் ஒருவரைக் கொண்டுவருவார்கள். பிரபலமான பாடகரை ஒரு சரணத்துக்கு அழைப்பார்கள். ரேடியோவுக்கென்று ஒரு காதல் பாட்டு வரும். இங்கே அது எதுவும் இல்லை. வெளித் தயாரிப்பாளர் இல்லை, விருந்தாளிக் குரல் இல்லை, எல்லாம் அந்த மூன்று பேரேதான். ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. 'எக்ஸ்மிலிட்டரி' பழைய ராக் பாடல்களின் கிடார் துண்டுகளை அப்படியே எடுத்து, அவற்றின் மேல் ஏறி நின்று கத்திய ஆல்பம். சில பாட்டுகள் இழுத்துக்கொண்டே போகும். 'தி மணி ஸ்டோர்'இல் அந்த இழுவை இல்லை. 13 பாட்டு, மொத்தமே 41 நிமிடம் சொச்சம். பெரும்பாலானவை மூன்று நிமிடத்தைச் சுற்றியே முடிந்துவிடுகின்றன. ஒவ்வொன்றிலும் வாயில் ஒட்டிக்கொள்கிற ஒரு வரியோ ஒரு மெட்டோ இருக்கிறது. 'ஹஸ்டில் போன்ஸ்'இல் பல்லவி வரும் இடத்தில் வெட்டி ஒட்டிய குரல்கள் திடீரென்று வெளிச்சமாக விரியும். அதை மட்டும் தனியாக எடுத்து ஒரு நடன விடுதியில் போட்டால் யாரும் சங்கடப்பட மாட்டார்கள்.

ஸாக் ஹில்லின் டிரம்ஸைக் கவனித்தாலும் இதே விஷயம்தான். ஹெல்லா காலத்தில் அவர் ஒரு நொடியைக்கூடச் சும்மா விடமாட்டார்; வாசிப்பு பொங்கி வழியும். இங்கே பெரும்பாலும் எலக்ட்ரானிக் டிரம்ஸ். ஒவ்வொரு அடிக்கும் ஓர் ஒலியைப் பொருத்திவிட்டு, எண்ணி அடிக்கிறார். அவ்வளவு வேகம் கையில் இருந்தும் அடக்கி வாசிக்கிற ஒருவரைக் கேட்பது எனக்குப் பெரிய சந்தோஷம். ரைட்டின் ஆத்திரம் நிற்பதற்குத் தரை இதுதான். இந்தத் தரை இல்லாத குழுக்கள் எத்தனையோ உண்டு, அவற்றை இரண்டு பாட்டுக்கு மேல் கேட்க முடியாது.

ஆகவே 'எதிர்ப்பு' என்று நீங்கள் கேட்பதை நான் ஒப்பந்தத் தாளில் தேட மாட்டேன். பாட்டு கட்டப்பட்டிருக்கும் விதத்தில்தான் தேடுவேன். ஜனரஞ்சகப் பாட்டின் அளவையும் பல்லவியையும் எடுத்துக்கொண்டு, அதற்குள் ஜனரஞ்சகப் பாட்டு எதுவும் தொடாத மனநிலையை வைத்திருக்கிறார்கள். யாருக்கும் புரியாத இரைச்சலை ஒரு சின்னக் கூட்டத்துக்காகச் செய்வது இதைவிடச் சுலபம் என்றே நினைக்கிறேன்.

பெயரையும் பாருங்கள். 'தி மணி ஸ்டோர்' என்று நிஜமாகவே ஒரு நிறுவனம் இருந்தது. கடன் மதிப்பு குறைந்தவர்களுக்கு வீட்டின் பேரில் கடன் கொடுத்த நிறுவனம். பழைய பேஸ்பால் வீரர் ஃபில் ரிஸுட்டோ டிவி விளம்பரத்தில் வந்து அதன் பெயரைச் சொல்வார். சாக்ரமெண்டோ ஆற்றங்கரையில், நகரத்துக்கு எதிர்ப்புறம், படிப்படியாக ஏறும் பிரமிடு வடிவத்தில் அது கட்டிய தலைமையகம் 1997இல் எழுந்தது. அடுத்த ஆண்டே நிறுவனம் வேறொரு வங்கியிடம் கைமாறியது, 2000இல் மூடப்பட்டது. கட்டடம் மட்டும் இன்றும் நிற்கிறது. பின்னர் மாநில அரசு அலுவலகங்கள் அங்கே வந்தன. 2008 வாக்கில் இதே மாதிரிக் கடன்கள் வெடித்தபோது, வீடுகள் ஜப்தியானதில் மிக மோசமாக அடிபட்ட பகுதிகளில் ஒன்று சாக்ரமெண்டோவும் அதைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்கும். 2009இல் அமெரிக்கன் ஆற்றின் ஓரம் போக்கிடம் இல்லாதவர்கள் கூடாரம் அடித்துத் தங்கியிருந்த இடம் உலகச் செய்தியானது. அந்த ஊரில், அதற்கு அடுத்த ஆண்டு தொடங்கிய குழு இது. பாட்டுகளில் பொருளாதாரப் பாடம் எதுவும் இல்லை. ஆனால் கையில் காசில்லாதவன், தூங்காதவன், யாரோ தன்னைத் துரத்துவதாக நம்புகிறவன் திரும்பத் திரும்ப வருகிறான். தலைப்பைத் தெரிந்துகொண்டு கேட்டால் அவன் எந்தத் தெருவில் நிற்கிறான் என்பது எனக்குத் தெரிகிறது.

வன்முறை பற்றிய உங்கள் பயத்துக்கு இந்த மனிதனே பதில். 'ஐ'வ் சீன் ஃபுட்டேஜ்' கேளுங்கள். இணையத்தில் பார்த்த கோரமான வீடியோக்கள் மண்டையை விட்டுப் போகாமல் தவிக்கிற ஒருவனின் பாட்டு அது. பின்னணியிலோ எண்பதுகளின் ராப் கொண்டாட்டங்களை நினைவூட்டும் உற்சாகமான டிரம் மிஷின் தாளம். ஆடவும் தோன்றுகிறது, வயிற்றையும் பிசைகிறது. இன்று கைபேசியைத் திறந்தால் எல்லோருக்கும் நேர்கிற ஒன்றை 2012லேயே இவ்வளவு துல்லியமாகப் பிடித்திருக்கிறார்கள். கெட்ட வார்த்தை நிறைய உண்டு, சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது. கல்லூரி மாணவிக்கு இதனால் ஒன்றும் ஆகிவிடாது; கவலைப்படாதீர்கள்.

சரி, எபிக் சண்டை. நடந்தது இதுதான். ஒரே ஆண்டில் இரண்டு ஆல்பம் என்று அறிவித்திருந்தார்கள். 'தி மணி ஸ்டோர்' வெளிவந்து, அமெரிக்காவின் ஆல்பம் தரவரிசையான பில்போர்டு 200 பட்டியலில் 130ஆம் இடத்தைத் தொட்டது. அடுத்த மாதமே, இரண்டாவது ஆல்பத்தை முடிக்க வேண்டும் என்று சொல்லிச் சுற்றுப்பயணத்தை ரத்து செய்தார்கள். ஆல்பம் தயாரானபோது, லேபிள் அதை அந்த ஆண்டு வெளியிடத் தேதி தரவில்லை என்று குற்றம் சாட்டி, 1 அக்டோபர் 2012 அன்று 'நோ லவ் டீப் வெப்'பைத் தாங்களே இணையத்தில் இலவசமாக விட்டுவிட்டார்கள். முகப்பில் எந்தக் கடையும் வைக்க முடியாத நிர்வாணப் படம். பிறகு எபிக் அனுப்பிய மின்னஞ்சலையும் ஃபேஸ்புக்கில் போட்டார்கள். நவம்பரில் எபிக் அவர்களைக் கழற்றிவிட்டது.

இதில் விளம்பர ஆசை இருந்திருக்கலாம். இருந்தால் என்ன? இந்தச் சண்டை தொடங்கும்போது 'தி மணி ஸ்டோர்' வெளிவந்து ஐந்து மாதங்களுக்கு மேல் ஆகிவிட்டது. சண்டையை வைத்து அதைப் புனிதமாக்கவும் முடியாது, ஒப்பந்தத்தை வைத்து அசுத்தமாக்கவும் முடியாது. ரசிகர்களில் பலர் எபிக்கை வில்லனாக மட்டுமே பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எல்.ஏ. ரீட் தலைமையில் இருந்த அந்த நிறுவனம் இப்படி ஒரு ஆல்பத்தைத் தன் முத்திரையோடு கடைக்கு அனுப்பியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கம்பெனியை மீறி வந்த 'நோ லவ் டீப் வெப்'தான் அசல் டெத் கிரிப்ஸ் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அதில் இருட்டு அதிகம், மெட்டு குறைவு. மதிக்கிறேன். ஆனால் திரும்பத் திரும்ப நான் போடுவது 'தி மணி ஸ்டோர்'தான். அவர்கள் அடுத்த ஆண்டே கேப்பிட்டல் குழுமத்தின் ஹார்வெஸ்ட் லேபிளோடு சேர்ந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய கம்பெனிகளை அடியோடு ஒதுக்கியவர்கள் என்று அவர்களைக் கொண்டாட நான் வரவில்லை.

மறுபடி கேட்பதாக இருந்தால் போனின் ஸ்பீக்கரில் வேண்டாம். கீழ்ஸ்தாயி முழுக்கக் காணாமல் போய் உச்ச ஒலிகள் மட்டும் காதைக் கிழிக்கும். உங்கள் தலைவலிக்குப் பாதி காரணம் அதுவாகவே இருக்கலாம். நல்ல ஹெட்போன் போதும், சத்தத்தைக் குறைத்து வையுங்கள். முதலில் 'கெட் காட்', அப்புறம் 'ஹஸ்டில் போன்ஸ்', 'ஐ'வ் சீன் ஃபுட்டேஜ்', அதன்பின் நேராகக் கடைசிப் பாட்டு 'ஹேக்கர்'. ஆல்பத்திலேயே நீளமானது அதுதான், நாலரை நிமிடம். வரிகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் பாய்வதாகத் தோன்றும், தாளம் மட்டும் விடாப்பிடியாக நடனமாடிக்கொண்டிருக்கும். வரிகளை முன்னால் வைத்துக்கொண்டு மகளோடு சேர்ந்து கேளுங்கள். அவளுக்கு எந்த வரி பிடிக்கிறது என்று கேட்டு எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.