போனில் ஓடும் மோட்டாரும் ஆடியில் நிற்கும் காத்தாடியும்: மின்சாரக் கேள்வி-பதில்

ஆடி மாதம் காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. ஆனாலும் எங்கள் பக்கம் சில காற்றாலைக் காத்தாடிகள் சும்மா நிற்கின்றனவே, கம்ப்யூட்டர் கோளாறா? (கல்லூரி மாணவர், பணகுடி)

சிலது ரிப்பேரில் நிற்கும். மற்றது பெரும்பாலும் நிறுத்தி வைத்தது. கணவாய்க் காற்று உச்சத்தில் வீசும்போது கிடைக்கும் கரண்ட் முழுவதையும் தாங்க லைனுக்குத் தெம்பில்லை என்றாலோ, அந்நேரம் தேவை குறைந்தாலோ, கரண்ட் வரத்தையும் தேவையையும் சரிக்கட்டும், சென்னையில் இருக்கும் லோடு டெஸ்பாட்ச் சென்டர் ‘உற்பத்தியைக் குறை’ என்று சொல்லிவிடும்.

கம்ப்யூட்டரின் வேலை இதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஒரு நாளை 15 நிமிடத் துண்டுகளாக 96 ஆக வெட்டி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு கரண்ட் வரும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்ல வேண்டும். லேசான காரியமில்லை. காற்றின் வேகம் பாதியானால் அதில் உள்ள சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். கணிப்பு கூர்மையானால் காத்தாடியை நிறுத்துவது குறையும், உண்மைதான். ஆனால் எத்தனை கம்ப்யூட்டர் வைத்தாலும் கம்பி தடிக்காது. புது லைன் இழுத்தால்தான் உண்டு.

ஸ்மார்ட் மீட்டர் வந்தால் பில் கூடுமாமே? (இல்லத்தரசி, வண்ணார்பேட்டை)

மீட்டரை மாற்றியதாலேயே கூடாது. தேய்ந்துபோன பழைய சக்கர மீட்டர் மெதுவாக ஓடியிருந்தால், அது விட்டதைப் புதுசு பிடிக்கும். அவ்வளவுதான். நமக்கு 2 மாதக் கணக்கு. ரீடிங் எடுக்க நாள் தள்ளிப்போய் யூனிட் கூடி, கட்டணம் அடுத்த படிக்கு ஏறும் தொல்லை ஸ்மார்ட் மீட்டரில் இருக்காது, அதுபாட்டுக்குக் குறித்த நாளில் அனுப்பிவிடும்.

இப்போதே ஒன்று செய்யலாம். எலெக்ட்ரானிக் மீட்டரில் சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டும். முகப்பில் 3200 என்று போட்டிருந்தால் 3200 சிமிட்டலுக்கு 1 யூனிட். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் சிமிட்டினால் எங்கோ ஓடுகிறது. ஒரு வீட்டில் தேடியதில் அகப்பட்டது செட்டாப் பாக்ஸ். 10 வாட்தான், ஆனால் இரவு பகலாக 60 நாள் என்றால் 14 யூனிட்டுக்கு மேல்.

கூடங்குளத்தை ஹேக் செய்ய முடியுமா? (வாசகர், ராதாபுரம்)

2019-இல் அங்கே ஒரு கணினியில் வைரஸ் புகுந்ததை இந்திய அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. அது நிர்வாக வேலைக்கான கணினி, உலையை இயக்கும் அமைப்பு தனி என்றும் சொன்னது. இருந்தாலும் பென்டிரைவ் சட்டைப்பையில் உள்ளே போகக்கூடிய சாமான்தானே!

மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் போடலாமா? (வாழை விவசாயி, களக்காடு)

தாராளமாகப் போடுங்கள். வீட்டிலிருந்து போன் போட்டாலே மோட்டாரை ஓட்டும் கருவி அது. ராத்திரி த்ரீ பேஸ் வந்ததும் டார்ச்சைத் தூக்கிக்கொண்டு பாம்புக்குப் பயந்து வரப்பில் நடக்க வேண்டாம். ஒரு பேஸ் போனாலும், தண்ணீர் இல்லாமல் ஓடினாலும் தானே நிறுத்தும் வகையாகப் பார்த்து வாங்குங்கள், மோட்டார் கருகி, கம்பி மாற்றிச் சுற்றும் ரீவைண்டிங் செலவு மிச்சமாகும்.

கரண்ட் இலவசம் என்பதால் மோட்டாரை நிறுத்த மறந்தாலும் பில் கடிக்காது, கிணறுதான் வற்றும். ஆகவே டைமர் அவசியம். ஸ்டார்ட்டருக்கு உள்ளே இருக்கும் சிம்முக்கும் ரீசார்ஜ் போட வேண்டும், பாதிப் பேர் மறப்பது அங்கேதான். அப்புறம், பழைய பச்சைப் பட்டனைக் கழற்றிவிடாதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் சிக்னல் போனதை நாம் பார்த்தோமே.

மோட்டாரில் கைவைக்கும் முன் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு ஒத்தாசை செய்கிறேன் என்று பெங்களூரில் இருக்கும் மகன் அந்நேரம் பார்த்துத்தான் மோட்டாருக்குப் போன் போடுவான்.