கேள்வி-பதில்: கடல் கடந்து வந்த குலைநோய்

கேள்வி: புவி வெப்பமடைவதால் எதிர்காலத்தில் கோதுமையைப் புதிய நோய்கள் தாக்கும், 2050க்குள் விளைச்சல் வெகுவாகக் குறையும் என்று படித்தேன். வானிலையே மாறும்போது மனிதர் என்ன செய்துவிட முடியும்? அதிலும் நெல் விளைவிக்கும் நமக்கு இதில் என்ன கவலை?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: ‘எதிர்காலத்தில்’ என்று எழுதியிருக்கிறீர்கள். வங்கதேச உழவர்களுக்கு அந்த எதிர்காலம் 2016 பிப்ரவரியிலேயே வந்து சேர்ந்துவிட்டது. மெஹர்பூர், ஜெசோர் உள்ளிட்ட மாவட்டங்களில் ஏறத்தாழ 15,000 ஹெக்டேர் கோதுமை குலைநோயால் சில வாரங்களுக்குள் பாழானது. தொலைவிலிருந்து பார்த்தால் பயிர் முன்கூட்டியே முற்றிவிட்டதைப் போலத் தோன்றும். ஒரு கதிரைக் கையில் பிடித்துப் பார்த்தால்தான் விவரம் தெரியும். கதிரின் நடுத்தண்டில் ஓரிடம் கறுத்திருக்கும். அதற்குக் கீழே பச்சை மாறாமலும் மேலே முழுவதும் வெளிறியும் இருக்கும். வெளிறிய பகுதியைக் கசக்கினால் சுருங்கிய பதர்தான் மிஞ்சும்.

இந்தக் குலைநோயின் பெயர் காவிரிப் படுகையில் வாழும் உங்களுக்குப் புதிதாக இருக்காது. நெல்லில் குலைநோயை உண்டாக்கும் அதே பூஞ்சையினத்தின் வேறொரு பிரிவுதான் கோதுமையைப் பிடித்திருக்கிறது. 1985இல் பிரேசிலின் பரானா மாநிலத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இது, முப்பது ஆண்டுகள் தென் அமெரிக்காவுக்குள்ளேயே இருந்தது. பூக்கும் பருவத்தில் வெப்பம் 25 முதல் 30 டிகிரி வரை இருந்து, மழையாலோ பனியாலோ கதிர் ஒரு நாளுக்கு மேல் ஈரமாகவே நின்றால் இதற்கு அதுவே போதும். குளிர்காலம் சூடேறி, பருவம் தப்பிய மழையும் சேர்ந்துகொள்ளும் நாடுகளில் இதன் ஆதிக்கம் பெருகும் என்பதில் எனக்கு ஐயமில்லை. கணினி மாதிரி கொண்டு கணித்து 2024இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த ஒரு நோயால் மட்டும் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் உலகக் கோதுமை உற்பத்தி 13 விழுக்காடு குறையக்கூடும் என்கிறது. நீங்கள் படித்தது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். உலகச் சராசரி என்பதால் அது சிறிய எண்ணாகத் தெரிகிறது. வயலே போய்விட்டவனுக்கு இழப்பு நூறு விழுக்காடு.

ஆனால் ‘என்ன செய்துவிட முடியும்’ என்று நீங்கள் கைவிரிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வெப்பம் ஒரு பூஞ்சையைப் பெருக்கும். பிரேசிலிலிருந்து வங்கதேசத்துக்கு அதைத் தூக்கி வந்து போடாது. பாதிக்கப்பட்ட வயல்களிலிருந்து எடுத்த மாதிரிகளின் மரபணுத் தரவை அறிவியலாளர்கள் சில வாரங்களில் எல்லோருக்கும் பொதுவாக வெளியிட்டார்கள். அதை ஆராய்ந்தபோது வங்கதேசத்துப் பூஞ்சை தென் அமெரிக்க வழிவந்தது என்பது தெளிவாயிற்று. 2018இல் ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவில் தோன்றிய குலைநோயும் அதே கொடிவழியைச் சேர்ந்ததுதான். ஆனால் அது வங்கதேசத்திலிருந்து பரவாமல் தனியாக வந்து இறங்கியது என்று பின்னர் நடந்த மரபணு ஆய்வு காட்டியது. ஒரே பூஞ்சை இரண்டு முறை தனித்தனியே கடல் கடந்திருக்கிறது. தானியமும் விதையும் பயணம் செய்யும் வழிகளைச் சோதிக்காமல் வானத்தைப் பழிப்பது நம் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும்.

இந்த நோய் பிறந்த கதையிலும் மனிதர் கை இருக்கிறது. பிரேசிலில் 1980களில் பரவலாகப் பயிரிடப்பட்ட அனாவாக் என்ற கோதுமை வகையில், புல்லினங்களைத் தாக்கும் இப்பூஞ்சையைத் தடுத்துவந்த ஒரு மரபணு இல்லை. தடுப்பில்லாத பயிர் பரந்த நிலப்பரப்பில் ஒன்றுபோல் நின்றதால், புல்லில் இருந்த பூஞ்சை கோதுமைக்குத் தாவ அது படிக்கட்டாகிவிட்டது. ஒரே விதையை மாநிலம் முழுவதும் விதைக்கும் பழக்கத்தை எதிர்த்து இப்பக்கத்தில் நான் பலமுறை எழுதியிருக்கிறேன். விளைச்சலைக் கணக்கில் கொள்ளாமல் பேசுகிறேன் என்று கடிதம் எழுதிய நண்பர்கள் பஞ்சாபின் அனுபவத்தைப் பார்க்கட்டும். 1995இல் வெளியிடப்பட்ட பி.பி.டபிள்யூ. 343 என்ற வகை வடமேற்கு இந்தியாவின் கோதுமை வயல்களைப் பெருமளவு நிறைத்தது. அது தாங்கிநின்ற மஞ்சள் துரு என்ற பூஞ்சை நோயில், அதன் காவலை உடைக்கும் புதிய இனம் உருவானதும் அந்தப் பரப்பு முழுவதும் ஒருசேர ஆபத்துக்குள்ளானது. துரு முற்றிய வயலுக்குள் நடந்து வெளியே வருபவரின் உடை மஞ்சள் தூளாகியிருக்கும். அத்தூள் முழுவதும் அடுத்த வயலுக்குப் போகக் காத்திருக்கும் பூஞ்சை வித்துகள். குளிரை விரும்பும் நோய் என்று கருதப்பட்ட மஞ்சள் துருவில், கூடுதல் வெப்பத்தையும் தாங்கும் இனங்கள் 2000ஆம் ஆண்டிலிருந்து பல நாடுகளில் பரவியிருக்கின்றன.

கோதுமையைத் தாக்கும் இன்னொரு துரு நோயான கறுப்புத் துருவிலும் இதுவே நடந்தது. எஸ்.ஆர். 31 என்ற ஒரே எதிர்ப்பு மரபணுவை நம்பி உலகின் பல நாடுகள் பல்லாண்டுகள் நிம்மதியாக இருந்தன. 1998இல் உகாண்டாவில் கண்டறியப்பட்டு யு.ஜி. 99 என்று பெயர் பெற்ற இனம் அந்த நம்பிக்கையை உடைத்தது. பசுமைப் புரட்சிக்கு வழிவகுத்த கோதுமை அறிவியலாளர் நார்மன் போர்லாக், தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில், 2005இல் எச்சரிக்கை எழுப்பிய பிறகே உலகம் விழித்துக்கொண்டது. இப்போது குலைநோய்க்கு எதிராக வங்கதேசம் 2017இல் வெளியிட்ட பாரி கோம் 33 உள்ளிட்ட வகைகள், ஒரு காட்டுப் புல்லிலிருந்து கோதுமைக்கு வந்த 2என்எஸ் என்ற மரபணுத் துண்டையே பெரிதும் சார்ந்திருக்கின்றன. அது நல்ல காவல்தான். ஆனால் தென் அமெரிக்காவில் அதையும் மீறும் பூஞ்சைகள் ஏற்கெனவே காணப்படுகின்றன. பிரேசிலில் ஸ்ட்ரோபிலூரின் வகைப் பூஞ்சைக்கொல்லி மருந்துகளுக்கும் பூஞ்சை பழகிவிட்டது. மீண்டும் ஒற்றைத் தூணில் கூரையைத் தாங்க வைக்கிறோமே என்பதுதான் 13 விழுக்காட்டைவிட எனக்குப் பெரிய கவலை.

நெல் நாட்டுக்கு என்ன கவலை என்கிறீர்கள். காலையில் நாம் உண்ணும் ரவை உப்புமாவும் இரவில் உண்ணும் பரோட்டாவும் கோதுமைதான். அதைவிட முக்கியமான தொடர்பொன்று நம் மலைகளில் இருக்கிறது. வடஇந்தியச் சமவெளியின் கோடை வெயிலில் துருவின் வித்துகள் பிழைப்பதில்லை. அப்படியிருக்க ஆண்டுதோறும் நோய் எங்கிருந்து வருகிறது என்பதை ஆக்ராவைச் சேர்ந்த பயிர் நோயியலாளர் கரம் சந்த் மேத்தா பல்லாண்டுகள் தேடினார். குளிர்ந்த நீலகிரியிலும் பழனி மலையிலும் கோதுமைப் பயிரில் கறுப்புத் துரு ஆண்டு முழுவதும் உயிர்வாழ்கிறது என்று அவர் கண்டார். வங்கக் கடலில் நவம்பர் வாக்கில் எழும் புயல்கள் அவ்வித்துகளை வடக்கே கொண்டுசென்று மத்திய இந்திய வயல்களில் மழையோடு இறக்குகின்றன என்பதைப் பின்னாளில் நாகராஜன் முதலிய ஆய்வாளர்கள் வகுத்துக் காட்டினர். குன்னூரை அடுத்த வெலிங்டனில் கோதுமை ஆய்வு நிலையம் இருப்பது இதனால்தான். நெல் விளையும் மாநிலத்தில் கோதுமைக்கு எதற்கு நிலையம் என்று கேட்பவர்களுக்கு நான் தரும் விடையும் இதுதான். புயல்களின் போக்கும் மலைகளின் வெப்பமும் மாறிவரும் காலத்தில் அங்கே கண்காணிக்கும் ஆட்கள் குறையக் கூடாது.

ஆகவே செய்ய நிறைய இருக்கிறது. குலைநோய் ஐயத்தால் 2017இல் மேற்கு வங்கத்தின் எல்லை மாவட்டங்களில் நின்ற பயிரை எரித்தார்கள். பின்னர் நதியா, முர்ஷிதாபாத் மாவட்டங்களில் கோதுமை பயிரிடுவதையே நிறுத்திவைத்தார்கள். எல்லையை ஒட்டிய பிற பகுதிகளில் 5 கிலோமீட்டர் அகலத்துக்குத் தடை வந்தது. கடுமையான முடிவுதான், எனினும் நான் அதை ஆதரிக்கிறேன். அதன் சுமையைத் தாங்கிய சிறு உழவருக்கு மாற்றுப் பயிரும் உரிய ஈடும் கிடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை நோயைக் கண்டவர் வாய் திறக்கமாட்டார். துறைமுகச் சோதனைக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்த வகைகளுக்கும், வயல் வயலாகச் சென்று கதிரைப் புரட்டிப் பார்க்கும் நோயியலாளர்களுக்கும் பணம் ஒதுக்க வேண்டியது 2050இல் அன்று, இவ்வாண்டு வரவு செலவுத் திட்டத்தில்.